பச்சை மெஷினின் கைச்சக்கரம்

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் கண்மூடும்போது என் மடியில் விட்டுவிட்டுப் போனது. அந்த ஐந்து பேருக்கும் சோறு போட்டது கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்ற பச்சை நிற மில்லிங் மெஷின். அதை ஓட்டியது நான். இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

எழுத்து எனக்குக் கூட்டித்தான் வரும். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன். அதற்கு மேல் போனால் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்துவிடும். எண் மட்டும் அப்படியில்லை. எண் என்னிடம் வாலாட்டாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் நன்றாக இருக்காது என்று அவளே திருத்திக்கொள்கிறாள். "சரி, திருத்திக்க. ஆனா யாரு இன்னா பேசுனாங்களோ அத மட்டும் அப்பிடியே எய்து. பழய இரும்பு வாங்குற பாய் பேசுனத நீ திருத்திட்டா அப்பால அவரு பாயே இல்ல," என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மில்லிங் மெஷின் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலே கட்டர் சுற்றும். கீழே கனமான இரும்பு மேஜை. அதன்மேல் வேலைப் பொருளை இறுக்கி வைத்து, மேஜையைக் கட்டருக்கு அடியில் நகர்த்தினால் வேண்டிய இடத்தில் இரும்பு சீவிக்கொண்டு வரும். மேஜையை நகர்த்தக் கைச்சக்கரங்கள் உண்டு. உள்ளே வெளியே போக ஒன்று, மேலே கீழே போக ஒன்று, இடம் வலம் போக ஒன்று. இடம் வலம் போகிற சக்கரம்தான் பெரியது. எங்கள் மெஷினில் அது மேஜையின் இடது முனையில் இருந்தது. நல்ல வார்ப்பிரும்பு. அகலம் ஒரு தோசைக்கல், கனம் இரண்டு தோசைக்கல்.

என் வீட்டுக்காரர் அந்த மெஷினை எண்ணூர் பக்கம் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து ஏலத்தில் எடுத்து வந்தார். அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அரத்தால் பிசிறு எடுப்பேன். பொதட்டூர்பேட்டைப் பக்கம் கழனி வேலை செய்து வளர்ந்தவள் நான். அரிவாள் பிடித்த கைக்கு அரம் பெரிய விஷயமில்லை. ஒருநாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்று சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் கொட்டகையைத் திறந்தேன். அவர் பாதி முடித்த வேலை மேஜைமேல் இறுக்கினபடியே இருந்தது. நான் கட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பக்கத்துக் கொட்டகை லேத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, நீயா ஓட்டப்போற? கட்டர ஒடச்சிக்கப்போற."

"ஒடஞ்சா நீயா வாங்கித் தரப்போற? போய் உன் லேத்தப் பாருய்யா," என்றேன்.

ஓட்டினேன். பழைய மெஷின் என்றால் ஆட்டம் இருக்கும். சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே வந்து மறுபக்கம் திருப்பினால், கொஞ்ச தூரத்துக்குச் சக்கரம் சும்மா சுற்றும், மேஜை அசையாது. அந்தச் சும்மா சுற்றுகிற அளவு என் மணிக்கட்டுக்குத் தெரியும். அதைக் கழித்துவிட்டுத்தான் கை நிற்கும். காலையில் கொட்டகையைத் திறந்ததும் முதலில் எண்ணெய் விடுவேன். பிறகு அந்தப் பெரிய சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அதற்குத்தான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பின்னால் வந்த வில்லங்கத்துக்கு அதுதான் காரணம். அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எல்லோரும் கையில் போன் வைத்துக்கொள்ள ஆரம்பித்த காலம். மற்ற நான்கு பேரும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். என் நடுப்பையன் மட்டும் என்னோடு கொட்டகையில் இருந்தான். பம்பு செய்கிற ஒரு கம்பெனிதான் எங்களுக்குப் பெரிய வேலை கொடுத்தது. உள்ளங்கை அளவு ஒரு இரும்புத் தகடு. அதில் அரை நிலா மாதிரி வளைந்த பள்ளமாக ஒரு காடி வெட்ட வேண்டும். அதை எல்லோரும் ஸ்லாட்டு என்பார்கள். கையால் வளைவு வெட்டுவது லேசு இல்லை. வெட்டினேன். ஆனால் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டால், மயிரிழை முன்னே பின்னே இருக்கும். முன்பெல்லாம் அந்த மயிரிழையை யாரும் கேட்டதில்லை.

கம்பெனியிலிருந்து சரக்கு பார்க்கிற தம்பி ஒருத்தர் வந்தார். இடுப்பில் போன், கையில் அளக்கிற கருவி. பத்துத் தகடு எடுத்து அளந்து பார்த்தார்.

"என்ன பாட்டி, முறுக்கு புழியறீங்களா? ஒண்ணு ஒரு சுத்து, இன்னொண்ணு வேற சுத்து."

பாட்டி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. முறுக்கு என்றது அதைவிடப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கு அவர் இடுப்புப் போன் சாக்கடையில் கிடந்திருக்கும்.

அவர் கெட்டவரும் இல்லை. போகும்போது நின்று சொன்னார். "தீபாவளிக்கு அப்புறம் கம்ப்யூட்டர் மெஷின்ல செஞ்ச பீஸ்தான் எடுக்கணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. நீங்க அப்படி ஒரு மெஷின் போட்டா, அஞ்சு சாம்பிள் குடுங்க. அஞ்சும் பாஸ் ஆச்சுன்னா வேலை உங்களுக்கே."

கம்ப்யூட்டர் மெஷின் புதிதாக வாங்குவது என்றால் அந்தக் கொட்டகையோடு பக்கத்துக் கொட்டகையையும் விற்க வேண்டும். அன்று சாயங்காலம் பையன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"மா, பாய்கிட்ட சொல்லிட்டேன். நாளிக்கு வந்து மெஷினப் பாக்குறாரு. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனில கூப்புட்டுக்கினு கீறாங்க. நான் போறேன். நீ ஊட்ல குந்து. போதும்."

"யாருக்குடா போதும்?" என்றேன்.

பாய் பழவேற்காட்டுக்காரர். பொன்னேரியில் கடை வைத்து, பழைய மெஷின்களையும் இரும்பையும் கிலோ கணக்கில் வாங்குகிறவர். மறுநாள் வந்தார். மெஷினைச் சுற்றி வந்தார். தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி விரலை மடக்கி அங்கங்கே தட்டிப் பார்த்தார்.

"இரும்பு நல்ல இரும்புக்கா. இப்ப வர்றதெல்லாம் தகரம். இது மாதிரி இனிமே ஊத்தமாட்டான்."

"அப்பிடின்னா ஏன் பாய் கிலோ கணக்குல கேக்குற?"

"அது நம்ம தொழிலுக்கா. தராசுக்கு நல்லது கெட்டது தெரியாது, கனம் மட்டும்தான் தெரியும்." பிறகு மேஜையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா ஒண்ணு சொல்றேன். அம்பத்தூர்ல இது மாதிரி பழைய மெஷினுக்கெல்லாம் மோட்டாரு வச்சு, கம்ப்யூட்டரு வச்சு ஓட்றாங்க. ஒடம்பு அதே ஒடம்பு, மூளை மட்டும் புதுசு. செவ்வாப்பேட்டைல ஒருத்தரு கீறாரு, அதான் அவரு வேலையே."

பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய், நீ வாங்க வந்தியா, எங்கம்மாவக் கெளப்பி உட வந்தியா?"

"நான் உள்ளத சொல்ல வந்தேன் தம்பி. செஞ்சு பாருங்க. ஆவலன்னா எனக்குத்தான் குடுக்கப்போறீங்க. மோட்டாரும் சேந்து வரும், எனக்கு லாபம்தான்," என்று பாய் சிரித்தார்.

நான் அங்கேயே முடிவு செய்து பையனிடம் சொன்னேன். "தீபாவளி வரைக்கும் டைம் குடு நைனா. அஞ்சு சாம்பிளு பாஸ் ஆவலன்னா, நானே பாய் லாரில மெஷின ஏத்தி உடறேன். அப்பால நீ எங்க போறேன்னு நான் கேக்கவே மாட்டேன்."

கழுத்திலும் காதிலும் கிடந்தது போயிற்று. அது பெரிய கதை இல்லை, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

செவ்வாப்பேட்டைக்காரர் அங்கே ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து வருவார். ஒல்லியான மனிதர். தோளில் ஒரு பை, அதற்குள் மீட்டரும் ஸ்க்ரூ டிரைவரும் சாப்பாட்டு டப்பாவும் ஒன்றாகக் கிடக்கும். முதல் நாள் மேஜை ஓடுகிற தடத்தில் ஒரு கடிகார முள் மாதிரியான கருவியை வைத்து நெடுக இழுத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை என்று சொல்லலாம்.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா. யாரு எண்ணெய் உட்டது?"

"வேற யாரு?" என்றேன்.

மேஜையைச் சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கினார்கள். அத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன், அதன் வயிற்றை நான் பார்த்ததில்லை. மேஜையை நகர்த்துகிற நீளமான ஸ்க்ரூவின் மரை நடுவில் தேய்ந்து, வெற்றிலை போட்ட கிழவனின் பல் மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தார்கள் போல. பையன் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். எனக்கு ஒன்றும் வரவில்லை. இத்தனை தேய்ந்த பல்லை வைத்துக்கொண்டா நான் இத்தனை தகடு வெட்டினேன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பதில் புது ஸ்க்ரூ வந்தது. அதற்குள் சைக்கிள் பேரிங் மாதிரி குண்டுகள் உருண்டு ஓடும், ஆட்டமே கிடையாது. மேஜையின் வலது முனையில் கறுப்பாக ஒரு மோட்டார் வைத்து பெல்ட்டால் அந்த ஸ்க்ரூவோடு இணைத்தார். மற்ற இரண்டு பக்கத்துக்கும் அதே மாதிரி. சுவரோரம் பீரோ அளவு ஒரு பெட்டி, அதற்குள் ஒயரும் விளக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் திரை. தடங்களில் நீலச் சாயம் தடவி, ஒட்டுகிற இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சுரண்டிச் சமமாக்கினார். நீலம் என் சேலையில் பட்டது இன்னும் போகவில்லை.

கம்ப்யூட்டர் யாருக்கு வரும் என்ற கேள்வி எழுந்தபோது என் மருமகள், நடுப்பையன் மனைவி, முன்னால் வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள். செவ்வாப்பேட்டைக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேஜை எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

"அத்தே, எக்ஸ்னா இடம் வலம். ஒய்ன்னா உள்ள வெளிய."

"இத்தினி வருசம் அத்தான் சுத்திக்கினு கெடந்தேன். அதுக்குப் பேரு வச்சிக்கீறாங்கன்றது இப்பத்தான் தெரியுது," என்றேன். அவள் சிரித்துத் திரைமேல் தலையை முட்டிக்கொண்டாள்.

முதல்முதலாக மேஜை தானாக நகர்ந்த நாளை நான் மறக்கமாட்டேன். மருமகள் ஒரு பட்டனை அழுத்தினாள். மேஜை இடதுபக்கம் வந்தது, நின்றது, வலதுபக்கம் போனது. அதோடு என் பெரிய சக்கரமும் தானாகச் சுற்றியது. கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒருத்தர் நின்று சுற்றுவது போல இருந்தது. உள்ளே வெளியே போகிற சக்கரமும் மேலே கீழே போகிற சக்கரமும் காணோம். அவற்றைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். இது மட்டும் இருந்தது. பையன் மெஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வந்தால், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டை வெட்டி, சக்கரத்தைச் சுற்றிக் கவிழ்த்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

"எதுக்குடா பக்கெட்டு?"

"உன் சேல மாட்டிக்கும்மா, அதான்."

சரி, நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டர் திரைமேல் குங்குமம் வைக்கக் கூடாது என்று மருமகள் கைநீட்டி மறித்தாள். பெட்டிமேல் ஒரு பொட்டு, மோட்டார்மேல் ஒரு பொட்டு என்று சமாதானம் ஆயிற்று. பக்கெட்டை விலக்கி, எப்போதும்போல முதல் பொட்டைச் சக்கரத்துக்கு வைத்தேன். செவ்வாப்பேட்டைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பையன் அவர் கையைப் பிடித்தான். பொரியும் கடலையும் கொடுக்கிற அவசரத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூஜை முடிந்து தகடு வெட்ட ஆரம்பித்தார்கள். அளவு சரியாக வந்தது. ஆனால் ஸ்லாட்டின் உள்சுவரில், வளைவு திரும்புகிற இடத்தில், சின்னச் சின்ன அலை. கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும். நகத்தை வைத்து இழுத்தால் டிக் டிக் டிக் என்று தட்டும். அப்படி அலை இருந்தால் அந்தப் பம்பில் தண்ணீர் ஒழுகும், கம்பெனி தூக்கி எறிந்துவிடும். செவ்வாப்பேட்டைக்காரர் வேகத்தைக் குறைத்தார். அலை குறைந்தது, அளவு போயிற்று. அளவைப் பிடித்தார், அலை வந்தது. கட்டரை மாற்றினார்கள், பெல்ட்டை இறுக்கினார்கள். நடுவில் கரண்ட் வேறு. அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாதி வெட்டும்போது போகும், தகடு பாழ். மூலையில் பாழான தகடு குவிந்தது. பேஜாரு பிடித்த நாட்கள். செவ்வாப்பேட்டைக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். தீபாவளி நெருங்கியது. பையன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், "சனிக்கெழம லாரி எடுத்துக்கினு வா பாய்," என்று சொல்வது என் காதில் விழுந்தது.

அதற்கு மறுநாள் காலை, எல்லோருக்கும் நாஷ்டா எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சு கேட்டது. தகரச் சுவர்தானே.

"நான் மொத நாளே சொன்னேன் சார். அந்த வீலக் கழட்டுங்க. அது இருக்கற வரைக்கும் அலை போவாது. நீங்கதான் புது ஸ்க்ரூல அதுக்குன்னு முனை வச்சுக் கடையச் சொன்னீங்க." இது செவ்வாப்பேட்டைக்காரர்.

"அது அம்மா வீலு சார். எங்கப்பா போனப்புறம் அந்த வீலப் புடிச்சுத்தான் எங்கள வளத்துச்சு. தெனம் தொட்டுக் கும்புடுது. அத எப்பிடி சார் கழட்டுவேன்? வேற எதுனா செய்யுங்க."

"வேற எல்லாம் செஞ்சாச்சு சார்."

"அப்பன்னா மெஷினு போவட்டும். வீலோடயே போவட்டும்." இது பையன்.

நான் உள்ளே போனேன். தூக்கு வாளியை மெஷின் மேஜைமேல் டங்கென்று வைத்தேன். இருவரும் திருடியவர்கள் மாதிரி விழித்தார்கள்.

"இன்னா சார், வீலு இன்னா பண்ணுது? எனக்குச் சொல்லு."

செவ்வாப்பேட்டைக்காரர் பையனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "கம்ப்யூட்டரு மோட்டார நில்லுன்னு சொல்லுதும்மா. மோட்டாரு நிக்குது. வீலு நிக்க மாட்டேங்குது, அவ்ளோ கனம். பஸ்ஸு பிரேக் போட்டா நிக்கிறவன் முன்னாடி போய் இடிக்கிறான் பாருங்க, அப்பிடி. திரும்புற எடத்துல எல்லாம் வீலு ஸ்க்ரூவ உதறுது. அந்த உதறல்தான் அலை."

"இத்தச் சொல்ல இத்தினி நாளா?"

"மா, நீ மனசு கஷ்டப்படுவியோன்னு..." என்றான் பையன்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு சிரிப்பு. "அடப்பாவிங்களா! நான் உசுரோட நிக்கிறேன், என் கைய கழட்டி வச்சுப் பூஜ பண்ணிக்கினு கீறீங்களா? வீலுதான் உங்கள வளத்துச்சா? நான் வளத்தேன்டா! வீலு சும்மா சுத்திச்சு."

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மருமகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"ஸ்பேனர எடு," என்றேன்.

பக்கெட்டை அவிழ்த்துப் போட்டேன். நட்டைப் பையன் கழற்ற வந்தான், விடவில்லை. நானே கழற்றினேன். சக்கரம் இறுகிப் போயிருந்தது. மரச்சுத்தியலால் பின்பக்கம் ஒரு தட்டு, சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. மூன்றாவது தட்டில் கையோடு வந்தது. ஆயுத பூஜைக் குங்குமம் அதில் இன்னும் இருந்தது. இரண்டு கையால் தூக்கிக் கீழே வைத்தேன். தரை அதிர்ந்தது.

"இப்ப ஓட்டு," என்று மருமகளிடம் சொன்னேன்.

ஓட்டினாள். சத்தமே மாறியிருந்தது. முன்பு திரும்புகிற இடத்தில் ஒரு முனகல் கேட்கும். அது இல்லை. நல்ல கத்தரிக்கோல் புதுத் துணியில் போகிற மாதிரி கட்டர் வளைவில் போனது. செவ்வாப்பேட்டைக்காரர் திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தகடு வெளியே வந்தது. சூடாக இருந்தது. முந்தானையால் துடைத்து, உள்சுவரில் நகத்தை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தேன். நகம் எங்கேயும் தட்டவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். கண்ணாடி.

தகட்டைப் பையன் கையில் கொடுத்தேன். அவனும் நகத்தை வைத்து இழுத்தான். பிறகு செவ்வாப்பேட்டைக்காரர். பிறகு மருமகள். கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி அந்தத் தகடு கை மாறிப் போனது. அன்று செவ்வாப்பேட்டைக்காரர் என் தூக்கு வாளி இட்லியையும் காலி செய்து, அவர் வீட்டு டப்பாவையும் காலி செய்தார்.

சனிக்கிழமை காலை, ஐந்து தகட்டையும் புதுத் துண்டில் சுற்றி, மருமகள் மடியில் வைத்துக்கொள்ள, பையன் வண்டியில் கம்பெனிக்குக் கிளம்பினான். அவர்கள் தெருமுனை தாண்டியதும் கொட்டகை வாசலில் பாய் லாரி வந்து நின்றது. கூடவே மெஷின் ஏற்றுகிற ஆட்கள், சங்கிலி, உருட்டுக் கட்டை, தராசு. பையன் வரச் சொன்ன நாள் அல்லவா? வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டான்.

"குந்து பாய். சாம்பிளு போயிருக்குது. பாஸாவலன்னா ஏத்திக்க," என்றேன்.

"நான் அவசரப்படலக்கா. இரும்பு எங்க ஓடப்போவுது?" ஸ்டூலில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மெஷினை மறுபடி ஒருமுறை விரலால் தட்டினார். "இன்னாக்கா, பச்ச பெயிண்ட்டு மட்டும் அதே மாதிரி உட்டுட்ட?"

"அது ஏன் மாறணும்? அதுக்கு இன்னா கொறச்சல்?"

வெயில் ஏறியது. ஆட்கள் லாரி நிழலில் படுத்துவிட்டார்கள். செவ்வாப்பேட்டைக்காரர் ஏற்கெனவே இறுக்கிய ஸ்க்ரூவையெல்லாம் மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார். நான் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். பாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் குடுக்கப்போறதுக்கு எதுக்குக்கா எண்ணெ?"

"அத நீ சொல்லாத. போன் சொல்லட்டும்."

செவ்வாப்பேட்டைக்காரர் போன்தான் அடித்தது. அவர் காதில் வைத்தார், முகம் ஒன்றும் காட்டவில்லை. "அம்மா, உங்ககிட்டதான் பேசணுமாம்," என்று என்னிடம் நீட்டினார். நான் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் போல, பாய் எழுந்து வந்து திருப்பிக் கொடுத்தார்.

மருமகள்தான். "அத்தே! அஞ்சும் பாஸு! அஞ்சும்! ஸ்லாட்டுக்குள்ள வெளக்கு அடிச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல! இருங்க, கம்பெனி சாரு ஒங்ககிட்ட பேசணும்ன்றாரு."

அந்தக் கம்பெனித் தம்பியின் குரல் வந்தது. "பாட்டி, எல்லா முறுக்கும் ஒரே சுத்து."

"மொறுமொறுன்னு கீதா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு கூட்டமே சிரிப்பது கேட்டது. அன்று பாட்டி என்றது எனக்குக் குத்தவே இல்லை.

போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். செவ்வாப்பேட்டைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து லேத்துக்காரர் சத்தம் கேட்டு வந்து நின்றார். பாய் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார், சும்மா நடிப்புக்குத்தான்.

"அப்ப நான் வெறும் லாரியோடயா போவணும்? டீசல் போட்டுக்கினு வந்தேன்க்கா."

"ஏன் வெறுங்கையோட போற? இத்த எடுத்துக்க," என்று தரையில் கிடந்த பெரிய சக்கரத்தைக் காட்டினேன்.

பாய் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடிப்பு போய்விட்டது. "அக்கா, இது நீ புடிச்ச வீலு. வேணாம். ஊட்ல வச்சுக்க."

"ஊட்ல இன்னாத்துக்கு? ஆடாத அம்மிக்கு முட்டுக் குடுக்கவா? மெஷினு இங்க நிக்கிது, நான் இங்க நிக்கிறேன். எடுத்துக்கினு போ பாய்."

அவர் ஆள் ஒருத்தர் தூக்கி லாரியில் வைத்தார். தராசு எடுக்க வந்தவரை நான் தடுத்தேன். "துட்டு வேணாம். இங்க கீற அத்தினி பேருக்கும் டீ வாங்கிக் குடு. வடையும் சேத்து."

"ஒரு மில்லிங்க வாங்க வந்தவன், ஒரு வீலுக்கு டீயும் வடையும் வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். இது இன்னா யாபாரம்க்கா?" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவரே போய் வாங்கி வந்தார். லேத்துக்காரர் இரண்டு வடை எடுத்துக்கொண்டார்.

பையனும் மருமகளும் திரும்பி வந்தபோது லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய லாரியின் நடுவில், அந்தச் சக்கரம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பையன் வண்டியை நிறுத்திவிட்டு அதையே பார்த்தான்.

"நெசமாவே குடுத்துட்டியாம்மா?"

"உன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு, வரமாட்டேன்னு சொல்லு நைனா. அப்பால வந்து வட சாப்புடு. ஆறிப்போவுது."

அவன் போன் போட்டான். ஸ்ரீபெரும்புதூர் அப்படியே இருக்கிறது, அவன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். அந்தப் பம்புக் கம்பெனி இன்னும் எங்களிடம்தான் ஸ்லாட்டு வெட்டிக்கொள்கிறது. பச்சை மெஷின் பக்கத்தில் இப்போது இன்னொரு மெஷின் நிற்கிறது. அது புதிதாக வாங்கியது, வெள்ளை நிறம். எனக்குப் பச்சைதான் உசத்தி. மருமகள் இரண்டையும் ஓட்டுகிறாள். காலையில் நான் வந்து எண்ணெய் விடுகிறேன். சக்கரம் இருந்த முனையில் இப்போது ஒரு சின்ன மூடி போட்டிருக்கிறது. தொட்டுக் கும்பிட வேண்டும் என்று தோன்றினால் மெஷினின் எந்த இடத்தையும் தொடுவேன். எல்லாம் என் கை பட்ட இடம்தான்.

அவ்வளவுதான் கண்ணு. எழுதிட்டியா? எங்க, மொதல்லருந்து படி, நான் கேக்குறேன். சத்தமாப் படி, மெஷினு ஓடிக்கினு கீது. "அதை ஓட்டியது நான்"னு ஒரு வரி வருதே, அத மட்டும் ரெண்டு தபா படி.